பலர் ஓட்டும் விமானத்தைப் பராமரிப்பவர் யார்?

(நூல் திறனாய்வு)

சொந்த மிதிவண்டி வைத்திருப்பவருக்கு அதன் சங்கிலி எப்போது தளர்ந்தது, எந்தத் தடுப்புக்கட்டை தேய்ந்தது என்பதை மற்றவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் ஓட்டுகிற கையும் காலும் மாற்றத்தை உடனே உணர்ந்துவிடும். வாடகை மிதிவண்டியின் கதை வேறு. காலையில் எடுத்துச் சென்றவர் தடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டிருப்பார். திரும்ப விடும்போது கடைக்காரரிடம் சொல்ல மறந்திருப்பார். மாலையில் எடுத்தவர் அதை ஏதேனும் ஓர் இறக்கத்தில் அறிந்துகொள்வார். இந்த வாடகை மிதிவண்டியின் இடத்தில் ஒரு விமானத்தை வைத்துப் பாருங்கள். ஃபிளையிங் கிளப் எனப்படும் பறக்கும் கழகத்தின் அடிப்படைச் சிக்கல் விளங்கிவிடும்.

கழகத்தின் விமானம் ஒன்றே, ஓட்டுபவர் பலர். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ஆகவே பயிற்சி மாணவர்கள் வரிசையில் காத்திருக்கிறார்கள். ஒருவர் இறங்கியதும் மற்றவர் ஏறுகிறார். ஒருவர் சற்றுக் கடுமையாகத் தரையிறக்கிவிட்டுப் பேசாமல் போனால், வளைந்த சக்கரத் தாங்கியோடு பறப்பவர் அடுத்தவரே. விமானம் எல்லாருக்கும் பொது. அதன் நலமும் பொதுவென்று விட்டுவிட்டால் என்ன ஆகும்? அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ண, ஒருவரும் பாராமலே அது வானில் ஏறும்.

இச்சிக்கலை ஆராய்வோருக்கு உதவக்கூடிய நூல் ஒன்று உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ரீசனும், ஆஸ்திரேலியாவில் விமான விபத்து ஆய்வுத் துறையில் பணியாற்றிய ஆலன் ஹாப்ஸும் சேர்ந்து எழுதி, 2003-இல் வெளியான ‘மேனேஜிங் மெயின்டனன்ஸ் எர்ரர்’ என்பதே அது. பராமரிப்பில் நேரும் பிழைகளை எவ்வாறு கட்டுக்குள் வைப்பது என்பது அதன் பொருள். ரீசன் 2025-இல் மறைந்தார். விபத்துகளைப் பற்றி உலகம் சிந்திக்கும் முறையை மாற்றியவர்களுள் அவர் ஒருவர். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமத்துக்குப் படிக்கும் தமிழ் மாணவர்கள் பலர் இந்நூலின் கருத்துகளைப் பாடத்தில் சந்திக்கிறார்கள். அக்கருத்துகள் ஒரு சிறிய பறக்கும் கழகத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எட்டு நட்டுகளின் பாடம்

நூலின் மையக் கருத்தை விளக்க ஆசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு மிக எளியது. ஒரு போல்ட்டில் எட்டு நட்டுகள் குறிப்பிட்ட வரிசையில் மாட்டப்பட்டுள்ளன. அவற்றைக் கழற்ற ஒரே வழிதான் உண்டு. மேலே இருப்பதைக் கழற்றாமல் அடுத்ததைத் தொட முடியாது. மீண்டும் மாட்டும்போதோ, எட்டையும் எந்த வரிசையிலும் மாட்டலாம். 8 × 7 × 6 × 5 × 4 × 3 × 2 × 1 என்று பெருக்கினால் 40,320 வரிசைகள் கிடைக்கும். அவற்றுள் சரியானது ஒன்று; தவறானவை 40,319. ஒரு நட்டை மாட்டாமலே விட்டுவிடும் வழிகள் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இதனை நிகழ்தகவுக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. பழகிய தொழிலாளி நாற்பதாயிரம் வழிகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பதில்லை. நூல் சுட்டுவது வேறொன்றை. கழற்றும்போது எந்திரமே அடுத்த படி எது என்று கைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. மாட்டும்போது அவ்வழிகாட்டல் இல்லை. நினைவையோ எழுத்தையோ நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் பராமரிப்புப் பிழைகளுள் மிகுதியானவை, மீண்டும் பூட்டும்போது ஏதேனும் ஒன்றை விட்டுவிடுவதால் நேர்கின்றன. சிறிய உறுப்புகள், மூடிக்குள் மறைந்துவிடும் உறுப்புகள், வேலையின் இறுதியில் வரும் படிகள் ஆகியவையே எளிதில் விடுபடுகின்றன.

திருப்பூர் மண்ணரைப் பகுதியில் வட்டப் பின்னல் எந்திரத்தைப் பார்த்து வளர்ந்த மாணவருக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. ஊசி ஒன்று உடைந்தாலோ, தவறாகப் பொருத்தப்பட்டாலோ, அடுத்த சில சுற்றுகளிலேயே துணியில் நீளவாட்டில் கோடு விழுந்துவிடும். எந்திரத்தை நிறுத்துகிறார்கள், பிட்டர் வருகிறார், ஊசி மாறுகிறது. இழப்பு சில மீட்டர் துணி. விமானத்தில் பிழை இவ்வாறு தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தரையில் எஞ்சின் நன்றாகவே ஓடும். கோடு விழும் இடம் வானம்.

நாற்பத்தேழு திருகாணிகள்

நூலில் விரிவாக ஆராயப்படும் நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் பொருளுக்கு நேரே பொருந்துவது. 1991 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், லாரிடோவிலிருந்து ஹூஸ்டனுக்குப் பறந்த எம்பிரேயர்-120 வகை விமானம் ஈகிள் லேக் என்னும் ஊருக்கு அருகே நொறுங்கி விழுந்தது. அதில் இருந்த 14 பேரும் இறந்தனர்.

முந்தைய இரவு அவ்விமானத்தின் வால்புறக் கிடைத்தளத்தில், பனி படியாமல் காக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை நடந்தது. மாலைப் பணிக்குழுவினர் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினர். அவர்களுக்கு உதவ ஏறிய ஒருவர், வலப்பக்கத்தோடு நில்லாமல் இடப்பக்கத்தின் மேல்வரிசைத் திருகாணிகளையும் கழற்றிவிட்டார். பிறகு பணிமுறை மாறியது. இரவுக் குழுவினர் வலப்பக்க உறையை மட்டும் மாற்றினர். இடப்பக்கத்தின் மேல்வரிசையில் 47 திருகாணிகள் இல்லை என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, எழுதியும் வைக்கவில்லை. தரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அந்த உயரமான வாலின் மேற்பரப்பு தெரியாது. மறுநாள் காலை அவ்விமானம் ஒருமுறை பறந்து நலமாகவே இறங்கியது. அடுத்த பறப்பில் வாலின் முன்விளிம்பு பிய்ந்துபோயிற்று.

உதவ ஏறிய அந்த ஒருவர் யார்? அவர் ஓர் ஆய்வாளர். வேலையைச் சரிபார்க்க வேண்டியவர். நல்லெண்ணத்தோடு கை கொடுத்தார். அக்கணமே அந்த வேலை தன்னைச் சரிபார்க்கும் கண்ணை இழந்துவிட்டது. சோம்பலோ தீய எண்ணமோ இங்கே விபத்துக்கு வழி திறக்கவில்லை. பொறுப்புகளின் எல்லை கலைந்ததும், கலைந்த செய்தி தாளில் ஏறாததுமே வழி திறந்தன. நூலாசிரியர்கள் இதனைத் தனி மனிதரின் குற்றமாகக் கொள்ளாமல் அமைப்பின் குறையாகக் காட்டுவது மிகச் சரியானது.

இதனோடு வைத்துப் பார்க்க வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி உண்டு. 1983 மே 5 அன்று, மயாமியிலிருந்து நாசாவுக்கு 172 பேருடன் புறப்பட்ட ஈஸ்டர்ன் நிறுவனத்தின் மூன்று எஞ்சின் விமானத்தில், மூன்று எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முந்தைய இரவு மூன்றிலும் உயவெண்ணெயில் உலோகத் துகள் சேருகிறதா என்று காட்டும் கருவி மாற்றப்பட்டிருந்தது. அதில் இருக்க வேண்டிய சிறு ரப்பர் வளையங்கள் மூன்று எஞ்சின்களிலும் பொருத்தப்படவில்லை. எண்ணெய் முழுதும் ஒழுகிவிட்டது. வழக்கமாக வளையங்கள் மாட்டப்பட்ட நிலையிலேயே கருவி அவர்கள் கைக்கு வரும். அன்று கிடங்கிலிருந்து எடுத்ததில் வளையங்கள் மாட்டப்படவில்லை. வளையம் மாட்டும் படிக்கு நேராக வேலைத்தாளில் கையொப்பம் மட்டும் இருந்தது. முதலில் நிறுத்தப்பட்ட எஞ்சினை மீண்டும் இயக்கி விமானிகள் மயாமியில் இறக்கினர், எவரும் இறக்கவில்லை.

மூன்று எஞ்சின்கள் இருப்பதே ஒன்று போனாலும் மற்றவை காக்கும் என்பதற்காக. ஒரே இரவில், ஒரே குழு, ஒரே வேலையை மூன்றிலும் செய்தால், மூன்று எஞ்சின் என்னும் பாதுகாப்பு ஒரு எஞ்சினாகச் சுருங்கிவிடுகிறது. ஒரே பொறியாளரை நம்பி வாழும் பறக்கும் கழகம் மனத்தில் கொள்ள வேண்டிய பாடம் இது.

நூல் எட்டாத இடம்

இவ்வளவு பயனுள்ள நூல் எங்கே குறைபடுகிறது? அது பெரிய நிறுவனங்களை நினைத்து எழுதப்பட்டது. பணிமுறைகள் மாறும் பெரிய ஹேங்கர், தனி ஆய்வாளர்கள், தரக்கட்டுப்பாட்டுத் துறை, அதற்கும் மேலே மேலாளர்கள் என்னும் உலகம் அதன் பின்னணியாக உள்ளது. பறக்கும் கழகத்தின் ஹேங்கரில் பெரும்பாலும் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர், உதவியாளர் ஓரிருவர், தலைமைப் பயிற்றுநர், கணக்குப் பார்க்கும் செயலாளர், மாணவர்கள் என்று சிலரே இருப்பர். செய்தவரே சரிபார்க்கக் கூடாது என்று நூல் சொல்கிறது. இரண்டாம் ஆள் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு அதில் போதிய விடை இல்லை.

அடுத்து, பிழைகளை அச்சமின்றித் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தவர் பெயரைக் காக்க வேண்டும் என்கிறது நூல். நல்ல கருத்து. ஆனால் ஐந்து பேர் உள்ள இடத்தில் பெயரில்லாத கடிதம் யாருடையது என்று கையெழுத்தைப் பாராமலே சொல்லிவிடலாம். பெயரை மறைப்பதால் அங்கே பாதுகாப்பு வராது. பெயரைச் சொன்னாலும் தீங்கு வராது என்னும் நம்பிக்கைதான் வேண்டும். அதை உண்டாக்குவது பெரிய நிறுவனத்தைவிடச் சிறிய கழகத்தில் கடினம்.

மூன்றாவது குறை பெரியது. நூலில் விமானி ஏறக்குறைய இல்லை. விமானத்தைப் பெற்றுக்கொள்ளும் வாடிக்கையாளரைப் போல அவர் வெளியே நிற்கிறார். கழகத்தில் அப்படியன்று. ஒவ்வொரு பறப்புக்கும் முன் எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிது வடித்து நீர் கலந்துள்ளதா என்று பார்ப்பவரும், சுக்கான் கீல்களை அசைத்துப் பார்ப்பவரும், எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்ப்பவரும் மாணவ விமானியே. பராமரிப்பின் முதற்கண் அவருடையது.

பழைய கழகங்கள் இதை நன்கு உணர்ந்திருந்தன. லண்டன் விமானக் கழகத்தில் பறக்கக் கற்ற ஏமி ஜான்சன் என்ற பெண், அதே ஹேங்கரில் எண்ணெய்க் கறையோடு வேலை பழகி, 1929-இல் தரைப் பொறியாளர் உரிமமும் பெற்றார். 1930 மே மாதத்தில் ஒரு சிறிய மாத் விமானத்தில் தனியாக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்தபோது அப்பயிற்சி கைகொடுத்தது. வழியில் பர்மாவின் இன்சேன் என்னுமிடத்தில் இறக்கை சிதைந்தது. முதல் உலகப் போரில் எஞ்சிய விமானத் துணியால் தைத்திருந்த சட்டைகளைப் பிரித்து அங்கிருந்தவர்கள் இறக்கைக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தார்களாம்.

ஆம், அக்கால விமானங்களின் இறக்கை துணியால் போர்த்தப்பட்டது. 1930-ஐ ஒட்டிச் சென்னையில் தோன்றிய பறக்கும் கழகமும் மாத் விமானங்களைத்தான் பறக்கவிட்டது. பின்னர் நம் நாட்டுக் கழகங்களுக்கென்றே பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை வடிவமைத்து, 1958-இல் முதன்முதல் பறந்த ‘புஷ்பக்’ விமானமும் துணி போர்த்தியதே. 90 குதிரைத்திறன் எஞ்சின் கொண்டது. துணி, பறந்த மணிக்கணக்கால் மட்டும் நைவதில்லை. வெயிலில் நின்றே நையும். எஞ்சினும் அப்படித்தான். ஓடினால் தேயும்; ஓடாமல் நின்றால் உட்புறம் துருப்பிடிக்கும். எனவே விமானத்துக்கு இரண்டு கடிகாரங்கள் உண்டு: ஒன்று பறந்த மணிகளைக் காட்டுவது, மற்றொன்று சுவரில் தொங்கும் நாள்காட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் கழகத்தில் இருந்தாக வேண்டும்.

பிரிப்பது எப்படி?

பொறுப்பைப் பிரிப்பதில் நமக்கு ஒரு பழைய மரபே உண்டு. பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றி இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிய உரிமங்களில், விமான உடலை அன்றாடம் பார்ப்பவருக்கு ஏ, அதைப் பிரித்துச் செப்பனிடுவதற்கு பி, எஞ்சினை அன்றாடம் பார்ப்பவருக்கு சி, அதைப் பிரித்துச் செப்பனிடுவதற்கு டி என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. இன்று பி-1, பி-2 என்று பிரிவுகள் மாறியுள்ளன. ஒருவர் எதற்குக் கையொப்பமிடலாம், எதற்கு இடலாகாது என்பதை முன்கூட்டியே வரையறுக்கும் எண்ணம் மாறவில்லை. நூலின் கருத்துகளை இம்மரபோடு இணைத்தால், ஒரு சிறு கழகம் ஐந்து வேலைகளை ஐந்து பெயர்களுக்கு எதிரே எழுதி, ஹேங்கர் சுவரில் மாட்டலாம்.

முதலாவது, கணக்கு. விமானம் பறந்த மணிகளையும், 50 மணி, 100 மணிச் சோதனைகளும் ஆண்டுச் சோதனையும் எப்போது வருகின்றன என்பதையும் ஒருவர் குறித்து வர வேண்டும். அவர் பறப்பு நேரத்தை மாணவர்களுக்கு ஒதுக்குபவராக இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே கையில் இருந்தால், இன்னும் ஒரே ஒரு பறப்பு என்று கணக்கு நீண்டுகொண்டே போகும்.

இரண்டாவது, குறையைப் பதிதல். தொழிலில் ‘ஸ்னாக்’ எனப்படும் கோளாறு எதுவாயினும், பறந்தவர் இறங்கியவுடன் தம் கையால் எழுத வேண்டும். வாய்ச்சொல் கணக்கில் சேராது. கோளாறு இல்லையென்றால் ‘இல்லை’ என்றும் எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் நலத்தைக் குறிக்கிறதா, மறதியைக் குறிக்கிறதா என்று அடுத்தவரால் அறிய இயலாது.

மூன்றாவது, பழுதுபார்த்தல். பாதியில் நிற்கும் வேலையைத் தாளில் எழுதுவதோடு, விமானத்திலேயே சிவப்பு நாடா கட்டிக் காட்ட வேண்டும். நினைவூட்டும் அடையாளம் வேலை நடக்கும் இடத்திலேயே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று நூல் வலியுறுத்துவது இங்கே அப்படியே பொருந்தும்.

நான்காவது, சரிபார்த்தல். சுக்கான், இறக்கை மடல் ஆகியவற்றின் கட்டுப்பாட்டு வடங்களைக் கழற்றிப் பூட்டினால் இரண்டாவது கண் கட்டாயம். இரண்டாம் பொறியாளர் இல்லையென்றால் வேறு கழகத்திலிருந்தோ நிறுவனத்திலிருந்தோ அழைக்க வேண்டும். அவர் வரும்வரை விமானம் நிற்க வேண்டும். பிரிட்டனில், தளத்துக்கு வெளியே செய்யும் சிறு சரிக்கட்டல்களுக்கு, அவ்வகை விமானத்துக்கு உரிமம் பெற்ற விமானியே இரண்டாம் சோதனை செய்ய விதிகள் இடமளித்ததுண்டு. நம் நாட்டில் சட்டம் யாரை ஏற்கிறதோ அவரே கையொப்பமிட வேண்டும். ஆயினும் கையொப்பமிடாத பயிற்றுநரும் குனிந்து பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை.

ஐந்தாவது, நிறுத்துதலும் விடுவித்தலும். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. விமானத்தை நிறுத்தும் உரிமை நேற்றுச் சேர்ந்த மாணவர் உட்பட எல்லாருக்கும் இருக்கட்டும். மீண்டும் பறக்க விடுவிக்கும் உரிமை உரிமம் பெற்ற பொறியாளருக்கு மட்டும் இருக்கட்டும். செயலாளரோ தலைமைப் பயிற்றுநரோ அவரை அவசரப்படுத்தக் கூடாது. ஹேங்கரில் நிற்கும் விமானம் ஈட்டுவதில்லை; கட்டணம் செலுத்திய மாணவர்கள் முணுமுணுப்பர்; பொறியாளர் அதே கழகத்திடம் சம்பளம் வாங்குபவர். இந்த நெருக்கடியை நூல் பொதுவாகத் தொட்டுச் செல்கிறது. ஆனால் ஒரு சிறு கழகத்தில் அது எத்தனை நேரடியாக ஒரு மனிதரின் தோளில் இறங்குகிறது என்பதை அது காட்டவில்லை.

இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. 2023 அக்டோபர் 19, 22 ஆகிய நாள்களில் மகாராட்டிரத்தின் பாராமதியில் ஒரே பயிற்சி நிறுவனத்தின் இரு விமானங்கள் விபத்துக்குள்ளாயின. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்நிறுவனத்தின் பறப்புகளை நிறுத்திவைத்து, பராமரிப்பு முறையை ஆராய முற்பட்டது. வெளியார் வந்து நிறுத்தும் நிலை வருமுன், உள்ளேயே நிறுத்தும் துணிவு ஒருவருக்கு இருக்க வேண்டும். அத்துணிவைத் தனி மனிதரின் நற்குணத்திடம் எதிர்பார்த்துக்கொண்டிராமல், விதியாகவே எழுதி வைக்க வேண்டும்.

யார் செய்தது?

நம் தொழிற்கூடங்களில் எந்திரம் கெட்டவுடன் எழும் முதற்கேள்வி ‘யார் செய்தது?’ என்பதே. ஒருவரை வேலையை விட்டு நீக்கியதும் விசாரணை முடிந்துவிடுகிறது. அதே வேலைத்தாளும் அதே அவசரமும் அடுத்தவருக்காகக் காத்திருக்கின்றன. ரீசனும் ஹாப்ஸும் இதற்கு ஓர் எளிய சோதனை சொல்கிறார்கள். அவர் இடத்தில் அதே திறமை உள்ள வேறொருவரை வைத்துப் பாருங்கள், அவரும் அதே பிழையைச் செய்திருக்கக் கூடுமென்றால், தண்டிப்பதால் பயனில்லை, முறையை மாற்றுங்கள். வேண்டுமென்றே விதியை மீறியவரை இச்சோதனை காப்பாற்றுவதில்லை. நூலின் மிகச் சிறந்த பகுதி இதுவென்பது என் கருத்து. பனியன் கம்பெனி முதல் மின்நிலையம் வரை எங்கும் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். குறை அமைப்பினுடையது என்னும் வாக்கியத்தைக் கேடயமாக ஏந்துவோரும் உண்டு. அமைப்பு என்பது வானத்திலிருந்து விழுந்ததன்று. பெயருள்ள மனிதர்கள் எடுத்த முடிவுகளால் ஆனது. ஒரே பொறியாளர் போதும் என்று முடிவு செய்தவர் யார், உதிரிப்பாகம் வாங்கும் செலவைத் தள்ளிப்போட்டவர் யார் என்ற கேள்விகளுக்கும் ஏட்டில் விடை இருக்க வேண்டும். இங்கே நூலாசிரியர்களின் குரல் சற்று மென்மையாக ஒலிக்கிறது. திருகாணியை முடுக்கியவர் கையொப்பமிடுவதைப் போல, அவருக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கப்பட்டது என்று முடிவு செய்தவரும் கையொப்பமிட்டால் அமைப்பு என்ற சொல்லுக்கு முகம் கிடைக்கும்.

மொத்தத்தில், இந்நூல் படிக்கத் தகுந்தது. ஆங்கிலம் எளிது, கணிதம் மிகக் குறைவு, எடுத்துக்காட்டுகள் விமானத்தோடு நில்லாமல் ரயில், எண்ணெய்க் கிணறு ஆகியவற்றுக்கும் செல்கின்றன. ஆசிரியர்கள் சொல்லாமல் விட்ட சிறிய ஹேங்கரை வாசகர்தாம் நிரப்பிக்கொள்ள வேண்டும்.

மாணவர்கள் நூல் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு நீண்ட போல்ட்டும் எட்டு நட்டுகளும் வாங்குங்கள். நட்டுகளுக்கு எண் இட்டு வரிசையாக மாட்டுங்கள். ஒருவர் கழற்றட்டும், பாதி மாட்டியதும் எழுந்து போகட்டும், மீதியை மற்றொருவர் மாட்டட்டும். முதல் முறை ஒன்றும் எழுதாமல் செய்து பாருங்கள். அடுத்த முறை ஒரு துண்டுத் தாளில் குறித்து வைத்துச் செய்து பாருங்கள். இரு முறையும் எத்தனை தவறுகள் நேர்ந்தன என்று எண்ணி ஒப்பிடுங்கள்.